தொட்டுப் பார்க்கும் பகடை

“அம்மா, இந்தப் பூதத்துக்கு முதுகு இருக்கா?”

குட்டி இப்படிக் கேட்டபோது எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு தொலைக்காட்சி மல்லாந்து கிடந்தது. அதன் கண்ணாடிக்குள் பச்சைப் பூதம் ஒன்று நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. குட்டி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் ஒரு முறை தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். அங்கே ஒயர்கள்தான் இருந்தன.

“இருக்கும்டா தங்கம். படத்துல தெரியாது, அவ்வளவுதான்,” என்றான் அவளுடைய மாமா. தொலைக்காட்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

“முதுகு தெரியலன்னா என் குண்டூசி எப்படி பின்னாடி போய்க் குத்துவா?”

“கேக்குறா பாரு கேள்வி!” என்று தபாலம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். “பதில் சொல்லுப்பா விஞ்ஞானி!”

குட்டியின் அம்மாவும் சிரித்தாள். ஆனால் அது வேறு சிரிப்பு. தம்பி தோற்கிறான் என்றால் எந்த அக்காவுக்கும் வருகிற சிரிப்பு.

அவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் செய்வது அவள் தொழில். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் ஈறு நிற அக்ரிலிக்கில் வேகவைத்து எடுப்பாள். ஊரில் பாதிப் பேர் அவள் தயவில்தான் மென்று தின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் அந்த வேலைக்கூடத்தில் ராவும் இயந்திரங்கள் ஓய்ந்துவிடும். நீள மேஜையைத் துடைத்துப் போட்டு, நாலைந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு கதை விளையாட்டு ஆரம்பமாகும். அலமாரியில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்தபடி வேடிக்கை பார்க்கும்.

விளையாட்டு கஷ்டமானதில்லை. ஒருத்தர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த வேடம் என்ன செய்கிறது என்று சொல்லுவார்கள். மலையிலிருந்து குதிக்கிறேன் என்று சொல்ல யார் வேண்டுமானாலும் சொல்லலாம்; குதித்தவன் பிழைத்தானா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நல்லது, சின்ன எண் விழுந்தால் சங்கடம். பல்லக்காதான் கதை நடத்துபவள். ஊருக்குத் தபால் கொடுக்கும் தபாலம்மா மந்திரக்காரி. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த தம்பி, கதையில் திருடன். குட்டி, குண்டூசி என்ற குள்ள வீராங்கனை. இவர்களுக்கெல்லாம் தலைவராகக் கவசம் அணிந்து முன்னால் போகிற படைத்தலைவர், நிஜ வாழ்க்கையில் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். அவரைக் குட்டி ரொட்டி மாமா என்பாள், மற்றவர்களுக்கு அண்ணன்.

காய்கள் எல்லாம் பல்லக்கா கைப்பட வார்த்தவை. வேலையில் மிஞ்சிய அக்ரிலிக்கில் செய்ததால் பூதம், ராட்சசன், டிராகன், குதிரை, கோட்டை வாசல் எல்லாமே ஈறு நிறம். “உலகத்துலேயே ஈறு கலர்ல டிராகன் வெச்சிருக்கிறவ நீ ஒருத்திதான்க்கா,” என்று தம்பி கேலி செய்வான். ஆனால் வாயைத் திறந்து காட்டினால் அந்த டிராகனுக்கு இருந்த பல் வரிசை எந்த நடிகருக்கும் கிடையாது.

அப்படிப்பட்ட கூட்டத்துக்குள் தொலைக்காட்சி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைத் தம்பி வெளியே சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், கை கழுவும் தொட்டி அருகே, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அக்கா, அண்ணன் பகடையில பொய் சொல்றாரு.”

“வாயைக் கழுவு.”

“நான் மட்டும் பார்க்கல. தபாலம்மாவும் பார்த்துட்டாங்க. விழுந்தது பதிமூணு, அவர் பதினெட்டுன்னாரு. போன வாரம் விழுந்தது மூணு, எட்டுன்னாரு. எடுத்துக் கையில மூடிக்கிறாரு. முகத்துக்கு நேரா எப்படிக் கேக்கறது? அதான் இந்த செல்போன் ஆப்பு. போன்ல தட்டினா பகடை தானே உருளும், நடுவுல திரையில எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேணாம் பாரு.”

பல்லக்கா குழாயைத் திருகி மூடினாள். அவளுக்கும் சந்தேகம் இருந்தது என்பதுதான் உண்மை. பகடை சொன்னதுதான் சட்டம் என்பது அவள் மேஜையின் முதல் விதி. யார் கெஞ்சினாலும் அவள் இளகியதில்லை. பெற்ற மகள் அழுதபோதும் அவளுடைய முதல் வேடத்தை ஆற்றோடு போக விட்டவள். அப்படிப்பட்டவள் அண்ணன் விஷயத்தில் கண்டும் காணாமல் இருந்தாள். கேட்டால் ஒரு நல்ல மனிதரை இழக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். பிறர் செய்த தவறைக் கண்டுபிடிக்க நாம் படுகிற அவசரத்தில் கால்வாசிகூட அதன் காரணத்தைத் தேடுவதில் இருப்பதில்லை. பல்லக்காவும் அன்றைக்குத் தேடவில்லை.

ஆட்டம் தொடங்கியது. தம்பி எல்லோர் போனிலும் ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். ரொட்டிக்காரர் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, “நல்லா இருக்கு தம்பி, ரொம்ப நல்லா இருக்கு,” என்றார். அவர் முறை வந்தபோது தட்ட வேண்டிய இடத்தைத் தட்டாமல் வேறு எங்கோ தட்டினார். திரையில் பகடைக்குப் பதிலாக யாரோ ஒருவருக்கு அழைப்பு போனது. அந்த ஆள் “ஹலோ, யாருங்க?” என்று மேஜை நடுவிலிருந்து கத்தினார்.

“படைத்தலைவர் பேசறேன், கோட்டையைத் திறங்க!” என்றாள் தபாலம்மா. எல்லோரும் சிரித்தார்கள். ரொட்டிக்காரரும் சிரித்தார். ஆனால் எப்போதும் வாளை உருவிக்கொண்டு முதலில் ஓடுகிற படைத்தலைவர், அன்று முழுவதும் “நான் பின்னால காவல் இருக்கேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. தபாலம்மா கையில் அவர் கொடுத்தனுப்பிய ஒரு பை பன் மட்டும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் பன்தான் வந்தது.

“மாவு வேலை அதிகமாம்,” என்றாள் தபாலம்மா.

“ரொட்டி மாமா இல்லாம குண்டூசி எங்கயும் வரமாட்டா,” என்று சொல்லிவிட்டுக் குட்டி, படைத்தலைவரின் ஈறு நிறக் காயை எடுத்துக் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். அன்று கதை நகரவே இல்லை. பத்து வருடத்துக்கு மேல் நடந்த ஆட்டம் இரண்டு பை பன்னோடு முடிந்துவிடும் போலிருந்தது.

வார நடுவில் ஒரு மதியம் பல்லக்கா ரொட்டிக் கடைக்குப் போனாள். பின்கட்டில் அவர் மட்டும் மாவை உருட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்தார்.

“கடை முன்பக்கம்ங்க,” என்றார்.

“அண்ணே, நான்தான்.”

“அட, பல்லம்மாவா! வா வா!” அவர் முகம் மலர்ந்தது. ஆனால் அவளை நேராகப் பார்க்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் திருப்பி, கோழி பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்தார். இரண்டு கஜ தூரத்தில் நிற்கிற தன்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பது பல்லக்காவுக்குச் சுருக்கென்று பட்டது.

அவள் பையிலிருந்து ஒரு காயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மாவு படிந்த கட்டைவிரல் அதன்மேல் ஒரு சுற்று போய் வந்தது.

“நம்ம டிராகன். இடது கோரைப்பல்லு எங்க? உடைச்சிட்டாங்களா?”

“குட்டி கீழ போட்டுட்டா.”

“கட்டிடு. பாவம், எப்படிச் சாப்பிடும்?”

“அண்ணே,” என்றாள் பல்லக்கா, “பகடையில எண் தெரியலையா உங்களுக்கு?”

அவர் மாவுத் துணியை இழுத்துப் பாத்திரத்தை மூடினார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கண்ணுக்கு நடுவுல ஒரு பொட்டு விழுந்திருக்கு. எதை நேரா பார்க்கறேனோ அதான் மறையுது. ஓரமெல்லாம் தெரியும். டாக்டர் சொல்லிட்டாரு, இனிமே பார்வை ஏறாது, குறையத்தான் செய்யும், ஆனா ஓரம் போகாதுன்னு. சரி, கடவுள் ஓரத்தையாவது விட்டு வெச்சாரே. மாவு பிசைய கண்ணு எதுக்கு? கை போதும்.”

“அப்போ பகடை?”

“ஊகிச்சேன்.” அவர் முகத்தில் திருட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது. “பதிமூணா பதினெட்டான்னு மங்கலா இருந்தா, பதினெட்டுன்னு சொல்லுவேன். நம்பிக்கையோட இருக்கணும் இல்லையா மனுஷன்?”

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

“எனக்குத் தெரியும்மா,” என்றார் அவர். “அந்த ஆப்பு எதுக்கு வந்துச்சுன்னு. தம்பி மேல தப்பில்ல. ஆனா காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரல. வீட்டுலயும் கடையிலயும் இப்பவே என்னைப் பிடிச்சுப் பிடிச்சு நடத்தறாங்க. அந்த மேஜையில மட்டும்தான் நான் படைத்தலைவன். அங்கேயும் ‘ஐயோ பாவம்’னு ஒரு குரல் கேட்டுட்டா, அதுக்கப்புறம் கவசம் போட்டுக்க முடியுமா? நீ யார்கிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு.”

அவள் அவர் கையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். அவள் கையும் மாவாகிப்போனது.

வேலைக்கூடத்துக்குத் திரும்பி வந்த பிறகு சத்தியத்தின் பாரம் தெரிந்தது. சொல்லவும் கூடாது, அவரை வரவும் வைக்க வேண்டும். அவருக்காக மட்டும் பெரிய பகடை செய்தால் ஊரே காரணம் கேட்கும். யோசித்தபடியே அவள் ஒரு மேல்தாடைப் பல் செட்டைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் கண்ணைவிட விரலைத்தான் நம்ப வேண்டும். மயிரிழை மேடு இருந்தாலும் வாயில் புண் போடும். எப்போதும்போல் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். மூடிய கண்ணை அவள் உடனே திறக்கவில்லை. இருட்டு நன்றாக இருந்தது.

‘ஒருத்தருக்குப் பெரிய பகடை கொடுத்தால்தானே கேள்வி? எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டால்?’

அன்றிலிருந்து வேலைக்கூடத்தில் ஒரே அமர்க்களம். எலுமிச்சைப் பழ அளவில் இருபது முகப் பகடை ஒன்றை மெழுகில் செதுக்கினாள். ஒவ்வொரு முகத்திலும் எண் தடிமனாகப் புடைத்து நின்றது. ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் ஒரு கோடு. பல் செட்டை வேகவைக்கும் அதே பாத்திரத்தில் அதையும் வேகவைத்து எடுத்தாள். முதல் பகடை கோணல். குட்டி ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கொட்டிக் கலக்கினாள். அதில் மிதக்கவிட்டுச் சுண்டினால், எப்போதும் ஒரே முகம் மேலே வந்தால் பகடைக்குள் காற்றுக் குமிழ் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது பகடை எத்தனை முறை சுண்டினாலும் ஏழையே காட்டியது. “பிடிவாதக்காரப் பகடை,” என்றாள் குட்டி. மூன்றாவதாக வெந்து வந்ததுதான் நேர்மையாகப் புரண்டது.

பிறகு குகை. சுவர், பள்ளம், கற்பாலம், குறுகலான பாதை எல்லாம் பிளாஸ்டரில், மேஜை முழுக்க. இவ்வளவும் செய்துவிட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று குறைந்தது. இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குகை என்று தோன்ற வேண்டுமே. சொட்டும் தண்ணீர், வௌவால், தூரத்தில் ஒரு உறுமல்... அதற்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். யாரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரியும். அதுதான் கஷ்டம். கௌரவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுத் தம்பியின் கடைக்குப் போனாள்.

“டேய், உன்கிட்ட ஒரு உதவி.”

தம்பி பூதக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினான். “என்னது? சரியா கேக்கல. மறுபடி சொல்லு, பதிவு பண்ணி வெச்சுக்கறேன்.”

“அடி வாங்கப் போற. ஒரு குகை செய்யறேன். இருட்டு ஆட்டம். சத்தம் வேணும்.”

“அப்போ என் டிவி?”

“இருட்டுல டிவி எதுக்குடா?”

“என் டிவி வேணாம், என் ஆப்பு வேணாம், நான் மட்டும் வேணுமா?”

“ஆமா,” என்றாள் அக்கா. “நீ மட்டும்தான் வேணும்.”

இப்படி ஒரு பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் திருப்புளியை உருட்டினான். பிறகு மேஜை அறையைத் திறந்து, யாரும் திரும்ப வாங்கிப் போகாத பழைய போன்களை அள்ளி வெளியே வைத்தான்.

“திரை உடைஞ்சதுங்க. ஆனா எல்லாமே அதிரும். பலகைக்கு அடியில வரிசையா ஒட்டிட்டு, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு அதிர வெச்சா என்ன ஆகும் தெரியுமா? உன் டிராகன் மேஜைமேல நடந்து வரும். எல்லாரோட கையிலயும் தெரியும்.” அவன் கண்கள் மின்னின. “ஆனா அக்கா, அண்ணன் வரமாட்டாரே.”

“குகைக்கு வழிகாட்டி வேணும்னு சொல்லிப் பார்க்கறேன்.”

அப்படியே போய்ச் சொன்னாள். “இருட்டுல பார்க்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்ண்ணே. மத்தவங்களை நம்பிக் குகைக்குள்ள போனா பிணமாத்தான் வரணும்.” அவர் மாவைத் திருப்பிப் போட்டுத் தட்டினார். பிறகு, “கோரைப்பல்லைக் கட்டிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு வந்தது. அவரும் வந்தார், சுடச்சுட ஒரு பை பன்னோடு. குட்டி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தபாலம்மா கிண்டலாக, “மாவு வேலை முடிஞ்சுதா தளபதி?” என்றாள். தம்பி மட்டும் கொஞ்சம் விலகி நின்று ஒயரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தான்.

பல்லக்கா ஜன்னல் திரைகளை இறக்கினாள். இடுக்குகளில் கருப்புத் தாள் ஒட்டியாயிற்று. விளக்கு அணைந்ததும் தன் மூக்கு தனக்கே தெரியாத இருட்டு.

“கேளுங்க. இது ஒளி ஆகாத குகை. விளக்கைக் கொளுத்தினா மேல தூங்கற டிராகன் முழிச்சுக்கும். பாதையைக் கையால தடவித்தான் போகணும். பகடை நடுத்தட்டுல இருக்கு. உருட்டி, அசைக்காம, மேல்முகத்தை விரலால படிக்கணும்.”

“இருட்டுல யார் வேணும்னாலும் பொய் சொல்லலாமே!” என்றாள் தபாலம்மா.

“பக்கத்துல இருக்கறவங்க விரலும் தொட்டுப் பார்க்கணும்,” என்றாள் பல்லக்கா அவசரமாக. “ரெண்டு பேர் சொன்னா சரி.”

எங்கோ தண்ணீர் சொட்டத் தொடங்கியது. தம்பி ஒலிபெருக்கிகளைத் தாடைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தான். ஒரு வௌவால் தபாலம்மாவின் காதருகே கிறீச்சிட்டது, மந்திரக்காரி “ஐயோ அம்மா!” என்று துள்ளினாள். பிறகு ஆரம்பமானது கூத்து.

“இது என்ன, வழவழன்னு ஒரு தூண்?”

“என் மூக்கு!” என்றாள் குட்டி.

“பாலத்தைக் கண்டுபிடிச்சிட்டேன்!” என்றான் தம்பி.

“அது பன்னுடா, வை கீழ!”

பகடையை உருட்டிய தபாலம்மா அதை வெகு நேரம் தடவினாள். “இது என்ன, ஒண்ணா, ஏழா, இல்ல கொக்கியா? எனக்குக் கடிதாசி படிச்சே பழக்கம், இப்படித் தடவிப் படிச்சதில்ல. அண்ணே, பாருங்க.”

அவர் விரல் பட்ட மாத்திரத்தில், “பதினேழு,” என்றார். “பாலம் உங்க இடது பக்கம் ஒரு சாண் தள்ளி. அதுல நடுவுல ஒரு கல் ஆடுது, அதை மிதிக்காதீங்க. குட்டி, உன் குண்டூசியை என் கை மேல ஏத்து. தம்பி, சுவரை விட்டுக் கையை எடுக்காத.”

எல்லோரும் அந்தக் குரலின் பின்னால் போனார்கள். யார் கை எங்கே இருக்கிறது, எந்தக் காய் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு வெட்டவெளிச்சமாக இருந்தது. பழைய படைத்தலைவர் திரும்பி வந்துவிட்டார். குரலில் கவசம் ஏறிவிட்டது.

“எப்படி அண்ணே இவ்வளவு சுலபமா வருது உங்களுக்கு?” என்றாள் தபாலம்மா மலைத்துப்போய்.

பல்லக்கா நகத்தைக் கடித்தாள்.

“எனக்குத் தினமும் பாதி இருட்டுதான்ம்மா,” என்றார் ரொட்டிக்காரர், பாலத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில். “கண்ணு மங்கிக்கிட்டு வருது. நேரா பார்க்கறது தெரியாது. அதான் பகடையில கொஞ்சம் ஏத்திச் சொல்லிட்டேன்.”

யாரும் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லவில்லை. இருட்டுக்குள் இருப்பவர்கள், வழி தெரிந்தவரைப் பார்த்து எப்படிப் பாவம் என்பார்கள்?

தம்பியின் நாற்காலி கிறீச்சிட்டது. “அண்ணே... அந்த ஆப்பை நான் எதுக்குக் கொண்டு வந்தேன்னா...”

“தெரியும்ப்பா. மங்கினது கண்ணு மட்டும்தான்.”

“மன்னிச்சுக்கோங்கண்ணே.”

“சரி விடு. நான் சொன்னதும் பொய்தானே? நீ பிடிச்சிட்ட.”

“ஆனா அண்ணே,” என்றான் தம்பி, “மூணை எட்டுன்னீங்களே, அது ரொம்ப ஓவர்.”

இருட்டே குலுங்கியதுபோல் ஐந்து பேரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் டிராகன் விழித்துக்கொண்டது. அதாவது தம்பி பொத்தானை அழுத்தினான். மேஜையின் மறுகோடியில் பலகை அதிர்ந்தது. அப்புறம் கொஞ்சம் கிட்டே. அப்புறம் இன்னும் கிட்டே. உள்ளங்கைக்கு அடியில் ஏதோ நடந்து வந்தது. தபாலம்மா நிஜமாகவே காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். ஓடு ஓடு என்று எல்லோரும் ஓடினார்கள். படைத்தலைவர் திருடனை இழுத்தார், திருடன் மந்திரக்காரியை இழுத்தான். கடைசியாகப் பாலத்தில் நின்றது குண்டூசி. அவளுக்கும் டிராகனுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

“டிராகன் பாயுது,” என்றாள் பல்லக்கா. டிராகனுக்காக உருட்ட வேண்டியது கதை நடத்துபவள். உருட்டினாள். பகடை தட்டில் கடகடத்து நின்றது. கட்டைவிரலை மேல்முகத்தில் வைத்தாள்.

ஒரு இரண்டு. பக்கத்தில் ஒரு சைபர்.

இருபது. அதற்குமேல் எண் இல்லை. இருபது விழுந்தால் குண்டூசி பிழைக்க வழி இல்லை. இருட்டில், எதிரே, மகள் வேக வேகமாக மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. குண்டூசியைக் குட்டி தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவள். பகடை சொன்னதுதான் சட்டம் என்று இத்தனை வருடம் சொன்ன வாய்க்கு இப்போது அந்த எண் வரவில்லை.

“பக்கத்துல இருக்கறவங்க பாருங்க,” என்றாள் மெதுவாக.

பக்கத்தில் இருந்தவர் ரொட்டிக்காரர். அவருடைய விரல் அவள் விரலுக்கு அருகே வந்து, எண்ணைத் தடவியது. அந்த விரல் தப்பாகப் படிக்காது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அது ஒரு முறை தடவியது. நின்றது. சைபரை மட்டும் மறுபடி ஒரு முறை தடவியது, அழிக்கப் பார்ப்பதுபோல்.

“ரெண்டு,” என்றார்.

“ரெண்டு,” என்றாள் பல்லக்கா.

“ரெண்டாம்! ரெண்டுதானாம்!” குட்டி கத்திய கத்தலில் அலமாரித் தாடைகள் கடகடத்தன. “டிராகன் வழுக்கி விழுந்துடுச்சு! குண்டூசி பின்னாடி போயிட்டா! குத்திட்டா!”

கடவுள் இந்தப் பொய்யை எந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டாரோ தெரியாது. எழுதும்போது அவரும் லேசாகச் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

ஜன்னல் திரையை ஏற்றியபோது எல்லோர் முகத்திலும் பிளாஸ்டர் தூசி. இனி ஆட்டம் இந்தப் பகடையில்தான், அதிர்கிற பலகையில்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. தொலைக்காட்சியையும் விட்டுவிட வேண்டாம், வெயில் பாலைவனக் கதைக்கு ஆகும் என்றாள் தபாலம்மா. தம்பி அண்ணனின் தோளில் கைபோட்டு வாசல்வரை போனான்.

போகும்போது ரொட்டிக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “கடையில நேத்து புது அடுப்பு வந்திருக்கு. முழுக்கக் கண்ணாடி முகம். திருகு கிடையாது, பிடி கிடையாது, எல்லாம் தட்டினா வேலை செய்யுமாம். எங்க தட்டறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்துல இருந்து யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கு. முதலாளி நல்லவர்தான், முகம் சுளிக்கல. எனக்குத்தான் கூச்சமா இருக்கு.” சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பல்லக்கா வேலைக்கு நடுவே மிளகைவிடச் சின்னதாகச் சில அக்ரிலிக் புள்ளிகள் வார்த்தாள். கூர் இல்லாமல், விரலுக்கு இதமாக, ஒவ்வொன்றையும் தேய்த்தாள். மதியம் அவற்றையும் ஒரு பசைக் குழாயையும் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனாள். முன்பக்கம் கூட்டம் நெருக்கியது. ரொட்டிக்காரரும் அங்கேதான் சூடான தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை கழுவிக்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குள் நுழைந்தாள்.

அங்கே யாரும் இல்லை. புது அடுப்பு பளபளவென்று நின்றது. அவள் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். அடுப்பை மூட்டும் இடத்துக்குக் கீழே ஒரு புள்ளி. சூட்டைக் கூட்டும் இடத்துக்குக் கீழே இரண்டு. குறைக்கும் இடத்துக்கு மூன்று. நிறுத்துவதற்குத் தவறவே கூடாது என்பதால் அதற்கு மட்டும் நீளமாக ஒரு கோடு. பசை இறுகும்வரை ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு முறை தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

முன்பக்கம் யாரோ அவரை அழைத்தார்கள். அவர் குரல் கூட்டத்துக்கு மேலே எழுந்து, “இதோ வரேன்,” என்றது. பல்லக்கா பசைக் குழாயை மூடி, பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள்.